காலுக்குத் தீட்டு உண்டா?

2009 ஆம் வருடம், ஆடி மாதம். பள்ளிபாளையத்தில் என் மச்சானின் தறிப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கால் ஏக்கரில், ஒரு தென்னை மரத்தடியில் நானும் அவரும் குழி வெட்டினோம். நாய் தோண்டிவிடக் கூடாது என்று இடுப்பளவு ஆழம். ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் பையில் இருந்தது என் அக்காவின் இடது கால். பாதித் தொடையிலிருந்து கீழே உள்ள அத்தனையும். ஒரு கால் அவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காரில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் மச்சான் அந்தப் பையை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார், தூங்குகிற குழந்தை சீட்டிலிருந்து சரிந்துவிடாமல் பிடிப்பதைப் போல.

மண்ணைத் தள்ளுவதற்கு முன் அவர் மூன்று கைப்பிடி போட்டார். நானும் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போனது. மண்வெட்டியைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டே கேட்டார்: “மாப்ள, நீ தேவாரமெல்லாம் படிக்கறவன். இதுக்குத் தீட்டு உண்டா? குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள போகோணுமா?”

நான் திருச்செங்கோட்டில் தமிழ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுறை மன்றத்தில் சித்தாந்த வகுப்பும் எடுப்பேன். உயிர் போனால் எத்தனை நாள், யார் யாருக்கு என்றெல்லாம் கேட்டால் சொல்லிவிடுவேன். இங்கே உயிர் போகவில்லை. அந்த உயிருக்கு உரியவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறாள், அவள் கால் இங்கே மண்ணுக்குள் இருக்கிறது. போனது யார், இருப்பது யார்? “குளிச்சுக்கலாம் மச்சான், எப்படியும் வேர்த்துத்தான் கெடக்குது” என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாத்தியார் புத்தி.

அக்கா முப்பது வருடம் தறியில் நின்றவள். சர்க்கரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. பட்டறையில் கிடந்த ஆணி ஒன்று பெருவிரலில் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை, மாலையில் செருப்பில் ரத்தம் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். வலிக்காததுதான் அந்த நோயின் முதல் கெடுதல். மஞ்சள் அரைத்துக் கட்டினாள். பக்கத்து டாக்டரிடம் ஊசி போட்டாள். ஆறு வாரத்தில் விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறியது. ஆஸ்பத்திரியில், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், “எடுத்துரலாம்” என்றார்கள். “உங்க இஷ்டமுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி உண்டா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதன்பின் நான்கு வருடம் இருந்தாள். இல்லாத காலில் அவளுக்கு அரிப்பு வரும். பாதி ராத்திரியில் எழுந்து, போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்தில் கையை வைத்துச் சொறியப் போவாள். வெட்டுப்பட்ட உறுப்பை மூளை இன்னும் கணக்கில் வைத்திருப்பதால் இப்படி நேர்வதாக மருத்துவம் சொல்கிறது. எனக்கோ சித்தாந்த வகுப்புக்கு நல்ல உதாரணம் கிடைத்துவிட்டது. ‘உடம்பு சடம், அறிவது உயிர், பாருங்கள், காலே இல்லை, கால் வலி மட்டும் இருக்கிறது’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எப்படியோ செய்தி பள்ளிபாளையம் போய்விட்டது. அடுத்த முறை நான் போனபோது அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “அரிக்கறது எனக்கு. அதுல நீ பாடம் நடத்தறயாக்கும்?”

அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போகும்போது ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போனார்கள்: வினை. ‘எந்தப் பிறவியில என்ன பண்ணுனாளோ.’ நானும் மறுக்கவில்லை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரித்துப் பலகையில் எழுதிப்போட்டவனே நான்தான். எய்த அம்பு போலப் பிராரத்தம் வந்தே தீரும், உடம்பெடுத்தவன் நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்பது என் வகுப்பின் நிரந்தர வாக்கியம்.

அந்த அம்பு 2021 இல் என் பக்கம் திரும்பியது.

எங்கள் திருச்செங்கோட்டு மலைக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் படி. வண்டிப் பாதை வந்த பிறகும் நான் மாதம் ஒரு தடவையாவது படியேறுகிற ஆள். நாகர் பள்ளம் தாண்டி, சத்தியம் செய்யும் அறுபதாம் படிப் பக்கம் போகும்போது இடது கெண்டைக்கால் கவ்விப் பிடித்தது. நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும், நடந்தால் மறுபடி பிடிக்கும். வயசு என்று நினைத்தேன். சில மாதத்தில் வலி கீழே இறங்கி நாகர் பள்ளத்திலேயே பிடித்தது. அடுத்த தைக்குள் அடிவார மண்டபம் தாண்டவில்லை. பிறகு வீட்டிலிருந்து பேருந்து நிலையம் போவதற்குள் மூன்று கடை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. தெரிந்தவர்கள் பார்த்தால் விலை விசாரிப்பதுபோல் நிற்பேன். அந்த வருடம் தேவையில்லாத இரண்டு குடை வாங்கினேன்.

ராத்திரி வலி வேறு தினுசு. படுத்தால் பாதம் எரியும். கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டால் கொஞ்சம் அடங்கும். காரணம் எளிது: மேலிருந்து ரத்தம் தள்ளிக்கொண்டு வர வழியில்லை, தொங்கவிட்டால் ஏதோ கொஞ்சம் தானாக வழிந்து இறங்குகிறது. பாதத்து மயிர் உதிர்ந்து தோல் பளபளவென்று ஆனது. புதுச் செருப்பு கடித்து இரண்டாம் விரலில் ஒரு புண். அக்கா ஞாபகத்தில் அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். முதலில் பார்த்த இடத்தில் புண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டிவரும், மனசைத் தயார் பண்ணிக்கங்க” என்றார்கள். காலில் ரத்தம் ஓடுகிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. இதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கணுக்காலில் ஒரு பிரஷர், கையில் ஒரு பிரஷர் பார்த்து முன்னதைப் பின்னதால் வகுத்தால் போதும். 0.9 க்குக் கீழே போனால் அடைப்பு என்று அர்த்தம். சர்க்கரைக்காரருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு ஏறி இந்தக் கணக்கு சில சமயம் பொய் சொல்லும் என்பது உண்மை, அதற்கும் வேறு சோதனைகள் இருக்கின்றன. பிறகு கோயமுத்தூரில் பார்த்தபோது எனக்குக் கையில் 150, கணுக்காலில் 60.

மன்றத்தில் சொன்னேன். எங்களில் மூத்தவர், எல்லோரும் புலவர் ஐயா என்று கூப்பிடுகிறவர், அன்பாகத்தான் சொன்னார்: “வாத்தியாரே, கட்டையையே விட்டுட்டுப் போற வயசு வந்தாச்சு. காலுக்குப் போயி இத்தனை கலங்கலாமுங்களா? பிராரத்தம். கழிச்சாத்தான் தீரும்.”

என் வாக்கியம் என்னிடமே வந்து சேர்ந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

என் காலைப் பொறுத்தவரை வினையைத் தேடிப் போன பிறவிக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1974 முதல் 2005 வரை பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போனால் போதும். ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறையாமல் ஊதியிருக்கிறேன். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் தீப்பெட்டி. கால் குழாய் அடைபடுவதற்குப் புகையையும் சர்க்கரையையும்விடப் பெரிய காரணம் கிடையாது, எனக்கு இரண்டும் இருந்தன. ஆகவே வினை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. செய்ததன் பலன் வரும். வந்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிகளில் ஒரு பதிகம் என்னை விடவில்லை. எங்கள் ஊரின் பழைய பெயர் கொடிமாடச் செங்குன்றூர். ஞானசம்பந்தர் இங்கே தங்கியிருந்த சமயம் பனிக்காலம், அவரோடு வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. இது இந்த நிலத்தின் இயல்பு என்றாலும் நமக்கு வரக் கூடாது என்று சம்பந்தர் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது. அப்போது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். சுரம் அடியார்களை விட்டது மட்டுமல்ல, அந்த நாட்டை விட்டே போனது என்கிறார் சேக்கிழார்.

இதை நான் ஆயிரம் தடவையாவது பாடியிருப்பேன். ஆனால் பாட்டு யாரோடு சண்டை போடுகிறது என்று கவனித்ததில்லை. நோயோடு அல்ல, வினைக் கணக்குச் சொல்கிறவர்களோடு. கணக்குத் தெரிகிற உங்களுக்கு மீளும் வழியைத் தேடத் தோன்றவில்லையே, அது உங்களுக்குக் குறையில்லையா என்று கேட்கிறார். செய்வினை நம்மைத் தீண்டாது என்று இறைவன் மேலேயே ஆணை வைக்கிறார். அந்த ஆணைக்கு முன்னால் ஒரு சொல் போடுகிறார்: கைவினை. உரைகாரர்கள் அதற்குப் பூப்பறித்தல், பூசை செய்தல் என்று பொருள் சொல்வார்கள். அது சரிதான், நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால் செய்வினைக்கு எதிராக அவர் நிறுத்துவது கையால் செய்யும் காரியத்தை. சும்மா பொறுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. நோயில் கிடப்பவனைப் பார்த்து ‘வினை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போவது சம்பந்தர் வழி அல்ல என்று எனக்குப் பட்டது.

இதைப் புலவர் ஐயாவிடம் சொன்னபோது, “உரை தப்புங்க” என்றார்.

“தப்பாகவே இருக்கட்டுமுங்க” என்றேன்.

என் தம்பி ரிக் வண்டி வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு ரிக் வண்டிக்காரர் இருப்பார், ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்ப் போர் போட்டுவிட்டு வருவார்கள். அவனுக்குச் சித்தாந்தம் எதுவும் தெரியாது. கால் எடுக்க வேண்டும் என்றதைக் கேட்டதும் வண்டிக் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னான்: “போர் தூர்ந்து போச்சுன்னா ராடு எறக்கிக் கிளீன் பண்ண முடியுமான்னு பார்ப்பாங்க. அதைப் பார்க்காம எவனாச்சும் தோட்டத்தையே வித்துருவானாண்ணா? கெளம்பு, கோயமுத்தூர் போலாம்.”

கோயமுத்தூரில் ரத்தக் குழாய் டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் முழுக்க அடைப்பு. முழங்காலுக்குக் கீழே பாதத்துக்கு மூன்று குழாய் இறங்குகின்றன. அதில் இரண்டு போயே போய்விட்டது, மூன்றாவது நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வயரை உள்ளே விட்டு, பலூனை ஊதி விரித்து, தொடையில் ஒரு ஸ்டென்ட் வைக்கலாம் என்றார். “அப்ப கேசிங் பைப் எறக்கறீங்க, இல்லீங்களா சார்?” என்றான் தம்பி. டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதானுங்க. மடங்கற எடத்துல மட்டும் போட மாட்டோம்.” எத்தனை நாளைக்கு அடைக்காமல் இருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

மயக்க ஊசி இல்லை. வலது தொடை இடுக்கில் மரத்துப்போக ஒரு ஊசி, அவ்வளவுதான். அங்கிருந்து வயர் மேலே ஏறி, வயிற்றில் பெரிய குழாய் இரண்டாகக் கவைக்கும் இடத்தில் திரும்பி, இடது காலுக்குள் இறங்கியது. தலையைச் சாய்த்தால் திரை தெரிந்தது. சாயம் செலுத்தும்போதெல்லாம் காலுக்குள் சுடுதண்ணீர் ஊற்றியது போலிருக்கும். திரையில் கறுப்பாக ஒரு ஆறு வந்து, ஒரு இடத்தில் அணை கட்டியதுபோல் நின்றுவிடும், ஓரங்களில் சின்னச் சின்ன வாய்க்காலாகச் சிதறும். வயரின் முனை அந்த அணையில் முட்டும், வளையும், திரும்பும், மறுபடி முட்டும். டாக்டர் விரல்களுக்கு இடையில் அதை உருட்டிக்கொண்டே இருந்தார். திரி உருட்டுவது மாதிரி. பஞ்சாங்கம் பார்க்காமல், பேசாமல், அரை மணி நேரம் உருட்டினார். கைவினை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் அலங்காரமாக இருக்கும். உண்மையில் எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏதோ ஒரு கணத்தில் வயர் அந்தப் பக்கம் போய்விட்டது. பலூன் விரியும்போது தொடைக்குள் ஒரு இறுக்கம், ஆழமான வலி, பிறகு விட்டது. கெண்டைக்கால் குழாயிலும் அப்படியே. கடைசியாகச் சாயம் விட்டபோது கறுப்பு ஆறு நிற்காமல் பாதம் வரைக்கும் போனது. வார்டுக்குக் கொண்டுவந்து, காலை மடக்கக் கூடாது என்று நீட்டிப் படுக்கப் போட்டார்கள். என் மனைவி பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்த கையை மறுபடி வைத்துப் பார்த்தாள். “ஏனுங்க, சூடா இருக்குதுங்க” என்றாள்.

எங்கள் மலைக்கோயில் மூலவர் அர்த்தநாரீசுவரர், நின்ற கோலம். வலது பாதி சுவாமி, இடது பாதி அம்மை. திருவடிக்குக் கீழே ஊறும் தண்ணீரைத்தான் தீர்த்தமாகத் தருவார்கள், கோடையிலும் வற்றாது என்பார்கள். அடைபட்டது எனக்கு இடது கால். மூலவர் கணக்குப்படி அது அம்மையின் கால். சிகிச்சைக்கு முந்தின வாரம் ‘போனால் போகட்டும், வீல் சேரில் உட்கார்ந்து பாடிக்கொள்கிறேன்’ என்று நான் வீறாப்புப் பேசியபோது என் மனைவி சொன்னது இது: “கால் உங்களுது மட்டும்னு நெனச்சீங்களா? அது போச்சுன்னா சொமக்கப் போறது நானுங்க.”

துறவு பற்றி நான் நடத்திய பாடங்களில் இந்தக் கணக்கு வரவேயில்லை. கையில் இருக்கிற பொருளை நாமாக விடுவது துறவு. பிடுங்கிக்கொண்டு போனதை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது துறவாகாது. அதிலும் சுமையை இன்னொருத்தி தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் பற்றறுத்தேன் என்று சொல்வதில் வெட்கக்கேடும் சேர்ந்துகொள்கிறது. நான் காலைக் கேட்டது மலை வலம் வரவா என்றால், இல்லை. ராத்திரி யாரையும் எழுப்பாமல் நானே எழுந்து கக்கூசுக்குப் போய்வர. இறைவனிடம் இதைக் கேட்கலாமா? சுந்தரர் போன கண்ணைத் திருப்பிக் கேட்டார், கேட்டதும் சும்மா கேட்கவில்லை, சண்டை பிடித்துக் கேட்டார். அப்பர் கயிலைக்கு நடந்து பாதம் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் புரண்டே போனார். கால் தேய்ந்தால் என்ன, உடம்பு பொய்தானே என்று இறைவன் அவரை அங்கேயே விட்டுவிடவில்லை. தேய்ந்த உடம்பைச் சரிசெய்துதான் திருவையாற்றுக்கு அனுப்பினார். நம் சைவம் உடம்பைச் சிறை என்று ஒரு வாயால் சொன்னாலும், உயிரின் இருட்டுக்கு இறைவன் கொடுத்த விளக்கு என்று இன்னொரு வாயால் சொல்கிறது. திரி கருகினால் தூண்டிவிடுவதில் என்ன பாவம்?

மகள் படிக்கச் சொல்லி ஒரு கதையை எனக்குக் கொடுத்தாள். கதை இல்லை, நடந்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம். 1964 ஜனவரி. லாரா ஷா என்கிற 82 வயதுக் கிழவிக்கு ஆறாத புண், விரல்கள் அழுகிவிட்டன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் முடியாது என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டரிடம் அனுப்பினார்கள். படம் எடுத்துப் பார்ப்பது மட்டும்தான் அந்தக் காலத்தில் எக்ஸ்ரேக்காரரின் வேலை. முந்தின வருடம் வேறொரு நோயாளிக்குப் படம் எடுக்கக் குழாய் விட்டபோது அடைப்பைத் தற்செயலாகத் துளைத்துக்கொண்டு அது அந்தப் பக்கம் போய்விட்டதைப் பார்த்தவர் டாட்டர். அதையே வேண்டுமென்று செய்து பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஜனவரி 16 ஆம் தேதி, லாரா ஷாவின் தொடைக் குழாயில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்தும் டெஃப்லான் குழாய்களை விட்டு இடுக்கை அகலப்படுத்தினார். சில நிமிடங்களில் பாதம் சூடேறியது. புண் ஆறியது. சாகும் வரை இரண்டு வருடத்துக்கும் மேலாக அவர் தன் காலிலேயே நடந்தார். தன் தொழிலைக் குழாய் ரிப்பேர்க்காரரின் தொழிலோடு ஒப்பிட்டுப் பேசுகிறவராம் டாட்டர். என் தம்பிக்கு இதைச் சொன்னபோது ஒரு சுற்று பெருத்துவிட்டான்.

அவர் ஊர் அறுவை டாக்டர்கள் அவரைக் கிறுக்கன் என்றார்கள். ஐரோப்பாக்காரர்கள்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். 1974 இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூண்ட்சிக் என்பவர் பலூனைச் சேர்த்தார், 1977 இல் அதையே இதயக் குழாய்க்குள்ளும் விட்டார். இன்றைக்கு நம் ஊரில் ‘நெஞ்சுல பலூன் வெச்சாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது காலில் ஆரம்பித்தது, ஒரு கிழவியின் ‘முடியாது’ என்ற பிடிவாதத்தில் ஆரம்பித்தது. 82 வயதில் ஒருத்தி காலை விடமாட்டேன் என்றால் எங்கள் மன்றத்தில் அதைப் பற்று என்போம். நானே சொல்லியிருப்பேன்.

எல்லாருக்கும் இது பலிக்கும் என்று எழுதிவிடக் கூடாது. 2022 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நல்ல நாளம் கிடைத்தால் அதை வைத்து மாற்றுப்பாதை போடும் அறுவையே மேல் என்றது. அடுத்த வருடம் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு, முழங்காலுக்குக் கீழே உள்ள அடைப்புக்கு முதலில் வயரும் பலூனும்தான் நல்லது என்றது. டாக்டர் இரண்டையும் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். எனக்கே 2024 இல் கெண்டைக்கால் குழாய் மறுபடி சுருங்கி, இரண்டாம் தடவை பலூன் விட்டார்கள். திறந்தது திறந்தபடியே இருக்கும் என்று எந்தச் சாமியும் எந்த டாக்டரும் எனக்கு வாக்குத் தரவில்லை. மாத்திரை, நடை, சர்க்கரைக் கட்டுப்பாடு, ராத்திரியில் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என்று தினமும் கைவினைதான்.

ஆனால் அக்கா? இதில்தான் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஒரே தாய் வயிறு, ஒரே நோய், ஒரே இடது கால். அவள் புகை பிடித்ததில்லை. ஊதித் தள்ளியவன் நான். அவள் கால் மண்ணுக்குள் போனது, என் கால் செருப்புப் போட்டுக்கொண்டு மலையேறுகிறது. வினைக் கணக்கு சரியாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? போன பிறவிப் பாக்கி என்று சொல்லி இந்தக் கணக்கை நேர்செய்யலாம். நான் செய்ய மாட்டேன். 2009 இல் இந்த வைத்தியத்துக்கு 45 வயது ஆகியிருந்தது. பள்ளிபாளையத்திலிருந்து கோயமுத்தூருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு டாக்டர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை, அவள் ‘உங்க இஷ்டம்’ என்றாள். அவள் கால் போனதற்கு இந்த மூன்று காரணம் போதும். நான்காவதாக ஒன்றைப் பிறவிக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து வைத்தால் முதல் மூன்றும் தப்பித்துக்கொள்கின்றன. படித்தவன் என்று வீட்டில் நான் ஒருவன் இருந்தேன், அந்த வாரம் மன்றத்தில் பிராரத்தம் நடத்திக்கொண்டிருந்தேன். மற்றவரின் நோய்க்கு வினை என்று இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. என் நோய்க்குச் சொல்லிக்கொள்கிறேன், அதுவும் பஸ் பிடித்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு.

2023 இல் வெளியான ஐசிஎம்ஆர் கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல். வீட்டுக்கு ஒரு பாதமாவது இருக்கும், குனிந்து தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ, எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னாலோ, ‘ரத்தம் ஓடுதான்னு பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

என் காலில் ரத்தம் ஓட ஆரம்பித்த நாலாம் நாள், ஏற்கெனவே கறுத்துவிட்டிருந்த இரண்டு விரல்களை மட்டும் எடுத்தார்கள். நர்ஸ் வந்து, “வேணுமுங்களா, நாங்களே அப்புறப்படுத்திக்கட்டுமா?” என்று கேட்டது. வேண்டும் என்றேன். தம்பி வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளிபாளையம் போய், அதே தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். மச்சான் இப்போது இல்லை. குளித்தாயா என்று தம்பியைக் கேட்டேன். “கை கழுவுனேண்ணா” என்றான்.